காளியண்ணன் துப்பாத எச்சில்

மேக்காட்டுக் காளியண்ணனுக்கு எப்போதும் வாய்க்கு முன்னால் கை போய்விடும். சொல்ல நினைத்தது நாக்குக்கு வந்து சேர்வதற்குள் எதிரே நின்றவன் மண்ணில் கிடப்பான். போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்த காலத்தில், ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு தாபாவில் தட்டைத் தூக்கி வீசினாற்போல் வைத்தவனைத் தாடை பெயர அடித்துவிட்டு, அப்புறம்தான், "மெதுவா வெய்யப்பான்னு சொல்லலாம்னு பாத்தேன்" என்றானாம். இந்தக் கதையை ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கை அப்பன் கை என்பது ஊர்ப் பேச்சு. அப்பன் மட்டும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அப்பன் மீசை வைக்காதவர். எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் மீசை இல்லாத குடியானவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அவர் ஒருவர். விடிந்ததும் வேப்பமரத்தில் கண்ணாடியை மாட்டி முகத்தை மழமழவென்று சிரைத்துக்கொள்வார். பகலெல்லாம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் வாய் திறக்காமல் கிடப்பார். பொழுது சாய்ந்து சாராயம் ஏறியதும் மாட்டுச் சாட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இவன் ஆருக்குடீ பொறந்தான்?"

கல்யாணமான எட்டாம் மாதமே காளியண்ணன் பிறந்துவிட்டான். அப்பனிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான். சென்னம்மாள் சத்தியம் பண்ணிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், தாய்வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கடைசியில் ஒன்றும் பேசாமல் இடது கையை மடக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். சாட்டை அந்தக் கையில் விழும். முழங்கைக்குக் கீழே தோல் கயிறு கயிறாகத் தடித்துப் போயிருந்தது. ஒருநாள் குறுக்கே புகுந்த பையன் அப்பனின் கட்டை விரலை எலும்பு தட்டக் கடித்தான். அப்பன் அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தார். காதுக்கு மேலே முடி முளைக்காத தழும்பு அப்போது வந்தது.

காளியண்ணனுக்கு மீசை கறுத்த வருசம், அப்பன் போதையில் மோட்டார் போடப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தார். எழவு வீட்டில் அம்மா அழுதாளா என்பது அவனுக்கு நினைவில்லை. அவளுடைய இடது கை மடியில் இறங்கிக் கிடந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கை முகத்துக்கு ஏறியதே இல்லை.

தீட்டுக் கழிந்து அடுத்து வந்த மாசி நோம்பியில் கருப்பணார் அருவாள் அவன் கைக்கு வந்தது.

கருப்பணார், பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவான சாமி. ஒரே அப்பன் வழியில் வந்ததாக எண்ணிக்கொண்டவர்கள் அவர்கள். தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீட்டுக்கும் தீட்டு. செத்தவனைவிட வயதில் இளையவர்களான ஆண்கள் தலையும் முகமும் மழித்து முழுகுவார்கள். நோம்பியில் முதல் கிடாவை வெட்டுகிற உரிமை வம்சக் கொடியில் மூத்த கிளையான மேக்காட்டு வீட்டு ஆணுக்கு. காப்பு கட்டிய நாள் முதல் கிடா விழுகிற வரைக்கும் அவன் வாயைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருக்கும். பேச்சு கிடையாது, பீடி கிடையாது. பொழுதடைந்த பிறகு உள்ளறையில் தனியாக அவிழ்த்து ஒருவேளை சாப்பிடுவதோடு சரி. முக்கியமாக, எச்சில் வெளியே விழக்கூடாது. அருவாள் தொடுகிறவனின் எச்சில் விழுந்தால் அந்த வருசம் ரத்தம் விழக்கூடாத இடத்தில் விழும் என்று ஒரு நம்பிக்கை.

காளியண்ணன் வெட்டினால் ஒரே வெட்டுதான். தலை தனியாக உருண்டு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். உடம்பு அப்போதும் நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவன் ஒரிசாவிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் லாரி பிடித்து வருவான். ரிக்கில் இரும்பு ராடு நழுவி வலது கையில் சுண்டுவிரலைக் கொண்டுபோன பிறகும் வெட்டு பிசகவில்லை. வாய் கட்டியிருக்கிற அந்த நாட்களில்தான் ஊர் அவனைப் பார்த்துக் கும்பிடும். மற்ற நாளில் பார்த்து ஒதுங்கும்.

கிடாவின் பின்னங்கால்களைப் பிடித்து இழுப்பது இன்னொரு பங்காளியான கீக்காட்டு மாதேஷின் வேலை. மாதேஷ் வயதில் மூத்தவன், கொடியில் இளையவன். முட்டை வண்டி வைத்திருந்தான். நாமக்கல்லில் சொந்தக் கட்டடம், கழுத்தில் விரல் தண்டிச் சங்கிலி. ஆனாலும் வருசா வருசம் குனிந்து கால் பிடிக்க வேண்டும். வெட்டு விழுந்ததும் ரத்தம் பீய்ச்சுவது அவன் மூஞ்சியில்தான். துடைத்துக்கொண்டே, "தம்பி கையி சுத்தமப்பா" என்று எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்வான். அப்படிச் சொல்கிறபோது அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பிரபாகர் அந்த டப்பாக்களைக் கொண்டுவந்தான்.

பிரபாகரும் பங்காளி வீட்டுப் பையன்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நம் ஆட்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை எச்சிலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று யாரோ சொல்ல, அந்தப் பித்து அவனைப் பிடித்துக்கொண்டது. தன் கைக்காசில் டப்பாக்கள் வாங்கி வந்தான். பங்காளிகள் மொத்தமாகக் கூடுவது நோம்பியில்தான் என்பதால் காப்பு கட்டிய மறுநாள் கோயில் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற ஒரு இழை உடம்பில் இருக்கிறது, அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிறது இன்னொன்று, இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பல்லாயிரம் வருசம் போகலாம் என்று விளக்கினான். எல்லாருமே முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்தவர்கள்தான், அப்புறம் மேற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் வந்தவர்கள் வந்து கலந்தார்கள், கலப்பில்லாத ஆள் இந்த நாட்டிலேயே கிடையாது என்றான்.

"ஆப்பிரிக்காவுல இருந்து எருமப்பட்டிக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

வரிசையில் நின்று எல்லாரும் துப்பினார்கள். பெயர் எழுதிய டப்பா காளியண்ணனிடமும் வந்தது. அவனுக்கு வாய்க்கட்டு. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரபாகர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பியதும் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவிடம் அதை நீட்டித் தாடையால் சைகை காட்டினான். நாச்சிமுத்து, காளியண்ணன் பெண்டாட்டி ராமாத்தாளின் தம்பி. பக்கத்துக் காட்டிலேயே குடியிருந்தான். ரேஷனுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் இவனுக்குப் பதிலாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறவன் அவன்தான். அந்த நினைப்பிலேயே கிணற்றடிக்குப் போய்த் துப்பி, மூடி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். காளியண்ணன் அன்றைக்கே அதை மறந்தும் போனான்.

வைகாசியில் முடிவு வந்தது. பிரபாகர் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் படம் படமாகப் போட்டான். பழைய கலவை எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. இந்த ஊர்க்காரன், அடுத்த ஊர்க்காரன் என்று பிரிக்க முடியவில்லை. அப்பன் வழி இழை மட்டும் எல்லா ஆண்களுக்கும் ஒரே கிளையாக வந்திருக்க, காளியண்ணன் பெயருக்கு நேரே வேறொரு கிளை இருந்தது. எந்தத் தலைமுறையிலாவது வீட்டோடு மாப்பிள்ளை வந்திருக்கலாம், பிள்ளை தத்து எடுத்திருக்கலாம், ரொம்ப சுவாரசியம் என்று பிரபாகர் கீழே எழுதி, ஒரு சிரிக்கிற பொம்மையையும் போட்டிருந்தான்.

நாச்சிமுத்து போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "மாமா, அது என்ற எச்சிலுங்க. சொல்லிப்போட்டு வந்தர்றனுங்களா?"

காளியண்ணன் சிரித்தான். நாமே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். போகிற வழியில் டீக்கடை. கடையில் மாதேஷ். நாலு பேர் இருந்தார்கள்.

"ஏப்பா, நம்ம காளியண்ணனுக்குப் பால் ஊத்தாத டீ போடு. கலப்பு வேண்டாம்" என்றான் மாதேஷ்.

அப்புறம் நடந்தது அங்கே இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. பாய்லர் சாய்ந்து வெந்நீர் தரையில் ஓடியது. மாதேஷின் முன்பல் இரண்டு அவன் வேட்டியில் கிடந்தன. காளியண்ணன் அவன் தலைமுடியைப் பிடித்துக் கல்லாப் பலகையில் மறுபடியும் மறுபடியும் மோதிக்கொண்டிருந்தான். பிரித்து எடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது. சொல்ல வந்த சேதி வாயிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சிலர் நம்பினார்கள். அடி விழுந்த பிறகு கட்டிய கதை என்று சிலர் சொன்னார்கள். பிரபாகர் பதறிப்போய் பெங்களூரிலிருந்து பேசினான்; தெரியாமல் போட்டுவிட்டேன், இன்னொரு டப்பா அனுப்புகிறேன், அண்ணன் துப்பிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். சுலபமான காரியம்தான். காளியண்ணன் முடியாது என்றான்.

"எங்கம்மாளுக்கு டப்பாவுல துப்பி நான் சாட்சி சொல்லோணுமா?"

அவன் சொன்ன காரணம் இது. கேட்டவர்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவன் வீட்டில் தனியாக இருக்கும்போது மாலை போட்ட அப்பன் படத்துக்கு முன்னால் நிற்பதை ராமாத்தாள் பார்த்தாள். பீரோக் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்ப்பான், படத்தைப் பார்ப்பான். மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பான். எட்டாம் மாதம் என்கிற சொல் இத்தனை வருசம் எங்கேயோ கிடந்துவிட்டு இப்போது நாள் தவறாமல் காதுக்குள் வந்தது. சாட்டையோடு நின்று அந்த ஆள் கேட்ட கேள்விக்கு டப்பாவில் பதில் வந்துவிட்டால்? வேறு பதிலாக வந்துவிட்டால்?

மகனுக்கு என்ன பயம் என்று சென்னம்மாளுக்குத் தெரிந்தது.

மாதேஷ் பல் கட்டிக்கொண்டான், சும்மா இருக்கவில்லை. ஐப்பசியில் ஒரு விடியலில் காளியண்ணனின் கிழங்குக் காடு மொத்தமும் இடுப்பளவில் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. காவல் நாய் வேலிக் கல்லில் தலை நசுங்கிக் கிடந்தது. காளியண்ணன் பகலிலேயே போனான். கீக்காட்டில் நின்ற முட்டை வண்டியின் கண்ணாடிகளை உடைத்து, ஏற்றியிருந்த அட்டைகளை இழுத்துப் போட்டு மிதித்தான். மஞ்சளும் வெள்ளையுமாகச் சாக்கடை வரைக்கும் வழிந்தது. அடுத்த வாரம் எருமப்பட்டிச் சந்தையிலிருந்து திரும்பிய நாச்சிமுத்துவை மூன்று பேர் மறித்தார்கள். துப்பின வாய் இதுதானே என்று கேட்டு இரும்புக் குழாயால் வாயிலேயே அடித்தார்கள். உதடு கிழிந்து தையல் போட்டும் அவன் பேச்சு கடைசிவரை குழறலாகவே நின்றுவிட்டது. போலீஸ் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு எழுதி வாங்கி அனுப்பியது.

"உங்க ரெண்டு பேரு வீம்புக்கு என்ற தம்பி வாய் போச்சு" என்றாள் ராமாத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் அவ்வளவுதான் பேசினாள்.

மாசி வந்தது. பங்காளிகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். காப்பு கட்டும் நாள் காலையில், வாய்த்துணி கட்டுவதற்கு முன்னால், எல்லாரும் பார்க்கக் காளியண்ணன் துப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் இந்த வருசமும் அருவாள் அவனுக்கே; முடிவு வருவது வரட்டும். கொடுக்காவிட்டால் அருவாள் கீக்காட்டுக்கு. பிரபாகர் டப்பாவோடு வந்திருந்தான்.

காளியண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வாசலில் நின்றான். போவதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. சென்னம்மாள் விபூதித் தட்டோடு வந்தாள்.

"துப்பிக் குடுத்துட்டு வா சாமி" என்றாள். "எனக்கு ஒரு பயமும் இல்லை."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் கோயிலுக்குப் போனான்.

கருப்பணார் பெட்டி திறந்திருந்தது. சாணை பிடிப்பதற்காக அருவாளை எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். பங்காளிகள் அரை வட்டமாக நின்றார்கள். பிரபாகர் யார் கண்ணையும் பார்க்காமல் டப்பாவை நீட்டினான். காளியண்ணன் வாங்கினான். வாயருகே கொண்டுபோனான்.

எச்சில் வரவில்லை.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. கன்னத்தை உறிஞ்சிப் பார்த்தான். தொண்டையைச் செருமிப் பார்த்தான். காய்ந்த காற்று மட்டும் வந்தது. இத்தனை ஆண்டுகள் துணியைக் கட்டி அடக்கிய எச்சில், வேண்டும் என்கிறபோது ஒரு சொட்டு இல்லை. பொறுமையாக, தண்ணி குடிக்காமல் கொஞ்ச நேரம் உட்காருங்கண்ணா என்று பிரபாகர் மெல்லச் சொன்னான். யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அருவாள் மாதேஷ் கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று யாரும் பார்க்கவில்லை. கட்டின பல் தெரியச் சிரித்தான்.

"வராது. அவுங்கப்பன் உசுரோட இருந்தவரைக்கும் கேட்டுக் கேட்டுப் பாத்தாரு. அந்தப் பதில் அவுங்கம்மா வாயிலிருந்தே வரலை, இவன் வாயிலிருந்தா வரப்போவுது?"

அந்தக் கேள்வி அவன் வீட்டுச் சுவருக்குள் கேட்ட கேள்வி. ஊருக்குத் தெரியாது என்று காளியண்ணன் நினைத்திருந்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். ஒருவன் முகத்திலும் வியப்பு இல்லை. எல்லாருக்கும் எப்போதும் தெரிந்திருக்கிறது.

டப்பா கீழே விழுந்தது. அவன் பாய்ந்த வேகத்தில் மாதேஷ் பயந்துபோய் அருவாளை வீசினான். இடது புஜத்தில் சதை பிளந்து தொங்கியது. காளியண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. மூக்கில் தலையால் முட்டினான். இரண்டு பேரும் பலிக்கல் மேல் விழுந்து உருண்டார்கள். ஆட்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அருவாளின் பிடி ரத்தத்தில் வழுக்கி ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாறியது. "அண்ணா, வேண்டாங்கண்ணா" என்று பிரபாகர் கத்தினான். எந்த அண்ணனைச் சொன்னானோ. மாதேஷ் விடுவித்துக்கொண்டு எழப் பார்த்தான். முட்டியில் ஊன்றிக் குனிந்து எழுந்தான், வருசா வருசம் கிடாவின் கால் பிடிக்கிற அதே குனிவு. காளியண்ணனின் கைக்கு அந்தக் குனிவு பழக்கம். கழுத்து எங்கே இருக்கும் என்று அது யோசிக்கவில்லை.

ஒரே வெட்டு. சுண்டுவிரல் இல்லாத கையில் ரத்தம் வழுக்கியதால் அருவாள் கழுத்தில் இறங்காமல் தோள்பட்டையில் இறங்கி எலும்பில் நின்றது. ரத்தம் இந்த முறை காளியண்ணனின் முகத்தில் பீய்ச்சியது. உதட்டில் பட்டது உப்புக் கரித்தது. அப்போதுதான் வாயில் எச்சில் ஊறியது.

மாதேஷைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காளியண்ணன் ஓடவில்லை. பலிக்கல்லில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்து கூட்டிப்போய், கைக்குத் தையல் போட்டு, கேஸுக்காக ரத்தம் எடுத்தது. ஊசி ஏறும்போது, "எச்சில் போதாதுங்களா?" என்று அவன் கேட்டான். கிண்டல் பண்ணுகிறான் என்று எண்ணி ஏட்டு பிடரியில் அடித்தார்.

கருப்பணார் அருவாளைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, அட்டை கட்டிக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வருசம் கிடா வெட்டவில்லை.

கொலை முயற்சி வழக்கு. நாச்சிமுத்து ஜாமீனுக்கு அலையத் தயாராக இருந்தான். காளியண்ணன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். வெளியே வந்தால் என்ன செய்வான் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை. மாதேஷ் சாகவும் இல்லை, எழவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி என்று படுக்கையோடு கிடந்தான். காயம் ஆறி ஆறிச் சீழ் வைத்தது.

ஆடியில் வக்கீல் அம்மா ஆய்வுக்கூட அறிக்கையோடு ஜெயிலுக்கு வந்தார். அருவாளில் இருந்தது இரண்டு பேர் ரத்தம், ஒன்று அவனுடையது, மற்றது மாதேஷுடையது, அதில் தப்பிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினார். ரத்தம் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததால் ஆண் வழி இழையையும் தனியாகப் பார்த்திருக்கிறார்களாம். அதை வைத்து இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே அப்பன் வழியாம். சொந்தக்காரங்களா நீங்க?" என்று வக்கீல் அம்மா கேட்டார். வழக்குக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அடுத்த தாளுக்குப் போனார்.

காளியண்ணன் அந்தப் பக்கத்தை மறுபடியும் படிக்கச் சொன்னான். அவர் படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் படித்தார். அப்பன் சாட்டையோடு கேட்ட கேள்விக்கு அருவாள் பதில் சொல்லியிருந்தது. ஒரு வாய் எச்சிலில் முடிந்திருக்க வேண்டியது.

நாச்சிமுத்து குழறிக் குழறி இந்தச் சேதியைச் சென்னம்மாளிடம் சொன்னான். அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாததையா கண்டுபுடிச்சுப்போட்டாங்க?" என்றாள்.

ஆவணியில் மாதேஷ் செத்தான். வழக்கு கொலை வழக்காக மாறியது. பங்காளி வீடுகள் எல்லாம் அடுப்பணைத்துத் தீட்டுக் காத்தன. சென்னம்மாளும் தன் வீட்டு விளக்கை அணைத்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கீக்காட்டு வாசல் வரைக்கும் போய் நின்றாள். மாதேஷின் பெண்டாட்டி செம்பை எடுத்து எறிந்தாள். அது கிழவியின் காலில் பட்டு உருண்டது. சென்னம்மாள் நின்ற இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

சேதி ஜெயிலுக்கு வந்ததும் காளியண்ணன் சவரம் பண்ணுகிறவனிடம் போய்த் தலையைக் கொடுத்தான். மீசையையும் எடுக்கச் சொன்னான். பக்கத்தில் நின்ற வார்டர் எதற்கு என்று கேட்டார்.

"பங்காளி செத்துட்டாருங்க. எனக்கு மூத்தவரு" என்றான்.

அவன் யாரைச் சொல்கிறான் என்று வார்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நகர்ந்து போய்விட்டார்.

கருமாதி முடிந்த பிறகு சென்னம்மாள் மனுப் போட்டு மகனைப் பார்க்க வந்தாள். ஜெயிலுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. கூட நாச்சிமுத்து வந்திருந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கூட்டம்; எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். காளியண்ணன் அம்மாவிடம் சொல்ல ஒன்று வைத்திருந்தான். அவளைச் சந்தேகப்பட்டது அப்பன் மட்டும் இல்லை என்பதை. இந்தத் தடவை கை முந்தாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வலைக்கு நேரே வந்து நின்றான். மொட்டைத் தலை. காதுக்கு மேலே தழும்பு. மழமழவென்று மீசை இல்லாத முகம். அவளுக்குத் தெரிவதற்காகக் கையை உயர்த்தினான்.

சென்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுடைய இடது கை மடிந்து முகத்துக்கு முன்னால் ஏறியது. கயிறு கயிறாகத் தடித்த தோல், சேலைத் தலைப்பு விலகி, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. நாச்சிமுத்து ஒன்றும் விளங்காமல், "அத்தை, மாமாதானுங்க, மாமாதானுங்க" என்று அவள் தோளைத் தொட்டுக் குழறினான். அந்தக் கை இறங்கவில்லை.

தான் யார் மகன் என்பது, ஆய்வுக்கூடத்துத் தாளில் இருந்ததைவிடத் தெளிவாக அவனுக்குத் தெரிந்தது. உயர்த்திய கையை மெல்ல இறக்கினான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டான். அப்படியே, அவள் கை இறங்கட்டும் என்று, மனு நேரம் முடிந்து மணி அடிக்கிற வரைக்கும் நின்றான்.